மின்னேற்றியின் இரண்டாம் கட்டம்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வேலூரில் ஒரு மிஷன் மருத்துவமனையின் மின்பராமரிப்பு என் பொறுப்பில் இருந்தது. கிராமங்களுக்குச் செல்லும் மருத்துவ வேனும் அதில் அடக்கம். வேனின் பின்பகுதியில் இருந்த இரண்டு பேட்டரிகளால்தான் விளக்குகளும் தடுப்பூசிக் குளிர்பெட்டியும் இயங்கின. மாலையில் வேன் திரும்பியதும், பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்ற, நன்கொடையாக வந்திருந்த மின்னேற்றியைக் கொட்டகையின் பிளக்கில் சொருகுவார்கள். அதனுள் ஒரு சிறு விசிறி இரைச்சலுடன் சுழன்று, இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

ஓய்ந்ததும் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்று எழுத்துமூலம் உத்தரவிட்டிருந்தேன். சார்ஜ் ஏற்றும் கடைகளில் பேட்டரித் தண்ணீர் கொதித்து வழிவதைப் பார்த்தவன் நான்.

ஒருநாள் வேன் ஓட்டுநர் வந்து நின்றார். "சார், சத்தம்தான் கம்மியாவுது. பொட்டி இன்னும் சூடாத்தான் கீது. பாட்ரி இழுத்துக்கினுதான் இருக்குது போல."

"பௌதிகம் படிச்சது நானா, நீங்களா?" என்றேன். அவர் போய்விட்டார்.

சில மாதங்களில், அணைக்கட்டு ஊர்ப் பக்கம் நடந்த முகாம் ஒன்றில் நண்பகலுக்கு முன்பே குளிர்பெட்டி நின்றுபோனது. தடுப்பூசி மருந்து முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று.

"அண்ணே, வண்டில டேப்பு போட்டு பாட்டு கேட்டீங்களா?" என்று முகாமுக்கு வந்திருந்த செவிலியர் ஓட்டுநரைக் கேட்டார்.

"என் வண்டில ஏதும்மா பாட்டு? அது ஓடுற சத்தத்துல நீங்க பேசறதே காதுல உழாது."

மருத்துவமனைக் கண்காணிப்பாளர் இந்தப் பதிலை ஏற்கவில்லை; பாட்டுப் போட்டுப் பேட்டரியைத் தீர்த்துவிட்டதாக எல்லோர் முன்னிலையிலும் ஓட்டுநரைத் திட்டினார். என்னிடம் அறிக்கை கேட்டார். ஓட்டுநரின் வேலை அதைப் பொறுத்திருந்தது.

அறிக்கைக்காகவே மின்னேற்றியின் கையேட்டை முதன்முறையாகப் பிரித்தேன். அது மூன்று கட்டங்களாக வேலை செய்கிறது. முதலில் தன்னால் இயன்ற மின்னோட்டம் முழுவதையும் செலுத்தும். பேட்டரி பெருமளவு நிரம்பியதும் மின்னழுத்தத்தை நிலையாக வைத்துக்கொள்ளும். மின்னோட்டம் தானாகக் குறைந்துகொண்டே வரும். எஞ்சிய பகுதி அப்போதுதான் நிரம்புகிறது; அதற்குப் பல மணி நேரம் ஆகும். கடைசியில் அழுத்தத்தைத் தாழ்த்தி, நிரம்பியதைக் காத்து நிற்கும். விசிறி ஓய்வது முதல் கட்டத்தின் முடிவு மட்டுமே. ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில் பிளக்கைப் பிடுங்க வைத்தவன் நான். அரைகுறையாகவே நிரம்பிவந்த பேட்டரிகளின் ஈயத்தகடுகளில் உப்புப் படிந்து, அவை அரை நாள்கூடத் தாங்காமல் போயின.

சனிக்கிழமை நண்பகல் முதல் திங்கட்கிழமை காலை வரை பிளக்கை எடுக்காமல் விட்டுப் பார்த்தேன். ஒரு பேட்டரி தேறியது. மற்றது தேறவில்லை.

பேட்டரிகள் பழையவை என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். அலுவலகத்தில் யாரும் மறுத்திருக்க முடியாது. அப்படி ஒரு பிரதியை எழுதவும் செய்தேன். ஓட்டுநர் மீதான பழியை அது முழுமையாக நீக்காது என்பதால் கிழித்துவிட்டு, தவறு என் உத்தரவில் இருந்தது என்றும் ஓட்டுநர் முன்னரே எச்சரித்தார் என்றும் எழுதிக் கையொப்பமிட்டேன்.

வாராந்தரக் கூட்டத்தில், ஜெபம் முடிந்ததும், கண்காணிப்பாளர் அதை முழுவதுமாக வாசித்தார். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

வெளியே வந்தபோது ஓட்டுநர், "எல்லார் எதிர்லயும் படிச்சிருக்க வேணாம் சார்" என்றார்.

"உங்களைத் திட்டினதும் எல்லார் எதிர்லதானே" என்றேன்.

அவர் சாவியை எடுத்துக்கொண்டு வேனை நோக்கி நடந்தார். அன்று ஆலங்காயத்தில் முகாம்.