ரோஸிலி அனுப்பிய புகார்

ஜயதேவன் மாஷ் இரிஞ்ஞாலக்குடாவில் எங்கள் பள்ளியின் கணக்கு வாத்தியார். மலையாளத்தில் தட்டச்சு செய்ய ஒரு மென்பொருளை எழுதி, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், திருத்தவும் செய்யலாம் என்று இணையத்தில் இலவசமாக விட்டிருந்தார். மூன்று மாவட்டத்து டிடிபி கடைகளில் அதுதான் ஓடியது. அவருக்காக அதைச் சோதித்துப் பார்ப்பது நான்.

"மூணு வருஷத்துல மொத்தம் பதினோரு புகார்தான்" என்று சொல்லிக்கொள்வார். நானும் பெருமையாகத் தலையாட்டுவேன். புகார் செய்ய ஒரு தளத்தில் கணக்குத் தொடங்கி, ஆங்கிலத்தில் ஒன்பது கட்டங்களை நிரப்ப வேண்டும் என்பது எங்களுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

அவருடைய தாய்மாமன் இறந்தபோது, பதினாறாம் நாள் நோட்டீஸ் அடிக்க டவுன் ஹால் பக்கத்துக் கடைக்குப் போனோம். தட்டச்சு செய்தவள் ரோஸிலி, நாற்பது வயதிருக்கும். மலையாளத்தில் 'ந்த' ஒரே கூட்டெழுத்து; அது வரும் இடத்திலெல்லாம் நிறுத்தி, வேறொரு பழைய மென்பொருளைத் திறந்து, அங்கே அந்த எழுத்தை அடித்து, இங்கே கொண்டுவந்து ஒட்டினாள்.

"எதுக்கு இப்படி?" என்றார் மாஷ்.

"திரையில இருக்கும் மாஷே, அச்சுல காணாமப் போயிடும். மூணு வருஷமா இதே கூத்துதான். முதல்ல என் விரல்லதான் கோளாறுன்னு நெனச்சேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னேனே! போன்ல போட்டோ எடுத்து, மலையாளத்துலயே எழுதி மெயில் அனுப்பினேன். இங்கிலீஷ்ல ரெண்டு வரி பதில் வந்துது. பக்கத்து வீட்டுப் பொண்ணு படிச்சிட்டு, 'விவரம் போதாது, முடிச்சாச்சுன்னு போட்டிருக்கு சேச்சி'ன்னா. நமக்கு எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

மீதியையும் அவளே சொன்னாள்: அந்தச் சமயத்தில் அவள் அடித்த ஒரு கல்யாணப் பத்திரிகையில் சாந்தினி என்ற பெண் 'சானி'யாக அச்சாகிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். சாலக்குடியில் ரோஸிலி அப்போது பார்த்துக்கொண்டிருந்த வேலை போயிற்று.

மாஷ் காசைக் கொடுத்தார். நோட்டீஸை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

வீட்டில் பழைய மெயில்களைத் தேடினோம். அவளுடைய படம் இருந்தது, கொஞ்சம் கோணலாக, ஆனால் தெளிவாக. பதில் எழுதியது மாஷ். அதை அன்று நானும் படித்திருந்தேன். அவளையும் சேர்த்து எண்பத்து நான்கு பேர் அதே போல எழுதியிருந்தார்கள். கட்டங்களை நிரப்பாதவர்களை நாங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அடுத்த இரண்டு வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. 'ந்த'வைச் சரிசெய்தார். மென்பொருளுக்குள்ளேயே 'இங்கே ஏதோ தப்பு' என்று ஒரு பொத்தான் வைத்தார். அழுத்தினால் திரையின் படம் தானாகப் போய்ச் சேரும். மலையாளத்தில் வாயால் சொன்னாலும் போதும், கணக்குத் தொடங்க வேண்டாம். முதல் வாரத்தில் முந்நூற்றுக்கும் மேல் புகார்கள் வந்தன.

பிறகு ஒரு மத்தியானம் கடைக்குப் போய் ரோஸிலியிடம் உண்மையைச் சொன்னார்.

அவள் நாற்காலியைத் திருப்பினாள். "நீங்களா அந்த ஆளு? உங்களத் திட்டாத நாளில்ல. பேரு தெரியாததால 'அந்தக் காலமாடன்'னே சொல்லிட்டிருந்தேன்."

"அதையே சொல்லு. சரியாத்தான் இருக்கு."

"அதெல்லாம் வேண்டாம். பழைய முதலாளிகிட்ட வந்து இதைச் சொல்லுவீங்களா?"

மூவரும் சாலக்குடிக்கு பஸ் ஏறினோம். முதலாளி பௌலோஸ் முழுவதையும் கேட்டார். "இப்ப சொல்லி என்ன மாஷே? அந்த இடத்துக்கு வேற ஆள் வந்தாச்சு. ரோஸிலியே, அன்னிக்கு நான் கொஞ்சம் கத்திட்டேன்..."

"கத்தினது பரவால்ல சேட்டா. அந்தக் கல்யாணப் பொண்ணோட அப்பா முன்னாடி கத்தினீங்களே."

பௌலோஸ் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். மாஷ் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் பையை எடுத்துக்கொண்டாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள்.

மற்ற எண்பத்து மூன்று பேருக்கும் மாஷ் தனித்தனியாக எழுதினார். இருபத்தாறு மெயில்கள் திரும்பி வந்துவிட்டன. மஞ்சேரியிலிருந்து பத்திரம் எழுதுபவர் ஒருவர் மட்டும் உடனே பதில் போட்டார்: "நான் பழைய தட்டச்சு இயந்திரத்துக்கே போய்விட்டேன். விசாரித்ததற்கு நன்றி."

அவருக்கு என்ன எழுதுவது என்று மாஷ் என்னைக் கேட்டார். மஞ்சேரிக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று நான் பார்க்கத் தொடங்கினேன்.