சுடலையின் வலது தோள்

தென்காசியில் ஒரு தேகப்பயிற்சி சாலையில் நான் மாஸ்டராக இருந்தபோது நடந்தது இது.

சுடலை அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன். பெஞ்சில் மல்லாந்து படுத்து பார்பெல்லை மார்புவரை இறக்குவான். ஏற்றும்போது பாதியில் நின்றுவிடும். மார்பில் பலம் போதாது என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மார்பு கிளப்பிவிட்டதை மேலே கொண்டுபோக வேண்டியது தோளும் கையின் பின்சதையும். கீழே இருந்து தாங்க வேண்டியது முதுகு. அதனால் பார்பெல்லின் எடையைக் குறைத்து, பாரலல் பாரின் இரண்டு கம்பிகளையும் பிடித்து உடம்பை இறக்கி ஏற்றச் சொன்னேன். முதுகுக்காகக் கிணற்றில் தண்ணீர் இறைக்க வைத்தேன்.

சாலையின் தலைவர் ஒரு ஜவுளிக்கடை முதலாளி. அவருக்கு வந்ததே கோபம்.

"ஏன்வே மாஸ்டர், பயில்வானைத் தண்ணி எறைக்க விட்டிருக்கீரே, பாக்கவன் சிரிக்க மாட்டானா? முதுகை எவன்வே பாக்கப் போறான்?"

"பாக்கதுக்கு இல்ல அண்ணாச்சி, தாங்கதுக்கு."

சாரல் தொடங்கும் முன்பே பார்பெல் தங்குதடையில்லாமல் மேலே போனது. கூடுதலாக எடைப் பிளேட்டும் ஏறியது. உடனே அது தலைவரின் சாதனை ஆகிவிட்டது. அவருடைய குற்றாலத்துப் பங்களாவுக்கு யார் விருந்துக்கு வந்தாலும் சுடலை தூக்கிக் காட்ட வேண்டும். கிணற்று வேலை கௌரவக் குறைச்சல் என்று நிறுத்தினார். ஓய்வும் கிடையாது.

ஒருநாள் அருவியில் குளித்துவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கு போகாமல், வெடவெடத்துக்கொண்டு வந்தவனைப் பெஞ்சைக் காட்டிப் படுக்கச் சொன்னார். வயிற்றுப்பாட்டுக்குத் தோளை நம்பியிருப்பவன் அவன்.

"கொஞ்சம் உடம்பு சூடாவட்டும் அண்ணாச்சி. அருவிக் குளிரு எலும்புல இருக்கு," என்று கெஞ்சினேன்.

"ஐயாமாருக்குக் காரு நிக்கு. ஏலே சுடலை, படுலே."

படுத்தான். பாதி தூரத்தில் வலது தோள் மளுக்கென்றது. நானும் பங்களாச் சமையல்காரரும் பாய்ந்து பார்பெல்லைப் பிடித்தோம். விருந்தாளிகள் காபி குடிக்க உள்ளே போனார்கள்.

அந்தத் தோளோடு மூட்டை தூக்க முடியுமா? மில்லில் வேலை போயிற்று. "மாஸ்டர் சொல்லிக்குடுத்தது சரியில்ல" என்று தலைவர் ஊரெல்லாம் சொன்னார். அன்றோடு அந்தச் சாலைப் படியை நான் மிதிக்கவில்லை.

பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வெளியே தெரியாத சதைக்கு முதலில் வேலை கொடுங்கள். வேடிக்கை பார்ப்பவன் சொல்லி எடை ஏற்றாதீர்கள்.

சுடலை மார்பை விரித்து நிற்கும் போட்டோவைத் தலைவர் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டினார். சுடலைக்குச் சட்டை மாட்டிவிட அவன் பெண்சாதி வர வேண்டியிருந்தது.