மஞ்சள் பையில் மலையேறிய ஒயின்

ஆடிக் கிருத்திகைக்கு என் கணவர் இத்தாலியிலிருந்து வந்திருந்தார். அங்கே திராட்சைத் தோட்டத்தில் வேலை. முதலாளி கொடுத்த சிவப்பு ஒயின் பாட்டிலும் பெட்டியில் வந்திருந்தது. தாட்செலெங்கே என்று ஒரு திராட்சையாம். அந்த வட்டாரம் தாண்டினால் பேரே யாருக்கும் தெரியாதாம்.

வீட்டிலோ காவடி விரதம். மாமியார் கண்ணில் பட்டால் அவ்வளவுதான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அரிசி டிரம், பீரோ, கட்டிலடி என்று மாற்றி மாற்றி வைத்து, கடைசியில் பூஜைச் சாமான் இருந்த மஞ்சள் பைக்குள் ஒளித்தேன். குளிக்காமல் அதை யாரும் தொடமாட்டார்கள். காலையில் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நான் குளித்து வருவதற்குள் மாமியார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

திருத்தணி மலைப்படி நெடுக, "பையக் குடுங்கத்த, நான் தூக்கிகினு வரேன்" என்று கெஞ்சினேன். தரவில்லை.

மேலே போனதும், தேங்காய்க்காகக் கையை விட்டவர் பாட்டிலை எடுத்தார்.

"இன்னாடா இது?"

"நான் பறிச்ச திராட்சம்மா. ஒயினு" என்றார் என் கணவர்.

"நீ குடிச்சிப் பாத்தியா?"

"இல்லம்மா. பறிக்கிறதோட சரி."

மாமியார் திட்டவில்லை. பாட்டிலைத் துண்டில் சுற்றி என்னிடம் கொடுத்து, "நீ வெளியவே நில்லு" என்றார்.

மறுநாள் விரதம் முடிந்ததும் அவரே டம்ளர்களில் ஊற்றினார். நாக்கை அறுக்கிற புளிப்பு.

"இதுக்காடா அங்க போயி குளிர்ல கெடக்குற?"

நான் சிரித்துவிட்டேன். என் கணவர் சிரிக்கவில்லை. டம்ளரைக் காலி செய்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

போனில் எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்பார். இப்போது திரும்பிப் போன பிறகும் அதையேதான் சொல்கிறார். எனக்குத்தான் போனை வைத்த பிறகு முன்போலத் தூக்கம் வருவதில்லை.