நிலாவில் கிணறு உண்டா?

செல்வம்மாளுக்கு வாய் கொஞ்சம் அதிகம். அவளே அதை ஒப்புக்கொள்வாள். போர்ட் பிளேரிலிருந்து மீன் எடுக்க வரும் வியாபாரி அவள் கூடைக்குக் கடைசியில்தான் வருவான். முதலில் வந்தால் அவள் பேசுகிற பேச்சைக் கேட்டு மற்ற பெண்களும் விலையை ஏற்றிவிடுவார்கள் என்று அவனுக்குப் பயம். தூத்துக்குடிப் பக்கத்துத் தமிழில் ஆரம்பித்து, தீவு இந்திக்குத் தாவி, இரண்டையும் குழப்பி அவனை ஒரு வழி பண்ணிவிடுவாள்.

“க்யா பையா, விடிய விடிய அவுக கடல்ல கெடந்து கொண்டாந்தது, உனக்கு முஃப்த்தா, சும்மாவா வேணுமா?”

அவன் சிரித்துக்கொண்டே கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போவான். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாயே திறக்கமாட்டாள்.

ஐம்பதுகளின் நடுவில், கல்யாணமான புதிதில், புருஷன் அருள்நாதனோடு கப்பலேறி வந்தவள் அவள். மீன் பிடிக்க ஆள் வேண்டும் என்று ஒரு காண்டிராக்டர் அவர்கள் ஊரிலிருந்தே சில குடும்பங்களைத் திரட்டிக் கொண்டுவந்து, போர்ட் பிளேருக்குத் தெற்கே ஒரு குடாவில் இறக்கிவிட்டார். பின்னால் காடு, முன்னால் கடல், நடுவில் ஓலைக் குடிசைகள். அத்தனை பேரும் கத்தோலிக்கர்கள். குடிசைகளை வேய்ந்து முடிப்பதற்குள் கோவிலும் ஓலையிலேயே எழுந்துவிட்டது. கோவிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம், அதைச் சுற்றி மூங்கில் வேலி. வேலிக்கு வெளியே, யாரோ மறந்து விட்டுப் போனது மாதிரி ஒரு சின்ன மண்மேடு. செல்வம்மாளின் தலைப்பிள்ளை அங்கேதான் கிடந்தது.

எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. அப்போது சாலை ஏது? ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் டுங்கி என்கிற சின்ன மரப்படகில் கரையோரமாகத் துடுப்புப் போட்டுத்தான் போகவேண்டும். அருள்நாதன் அவளைப் படகில் கிடத்திக்கொண்டு கிளம்பினான். எதிர்க்காற்று, மண்டையைப் பிளக்கிற வெயில். பானையில் இருந்த குடிதண்ணீரையெல்லாம் செல்வம்மாள் வலியோடு வலியாகக் குடித்துத் தீர்த்தாள். பிள்ளை படகிலேயே பிறந்தது. அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. கண்ணைத் திறந்தபோது அருள்நாதன் எதையோ தன் சட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்தான்.

“பொம்பளப் பிள்ள. போயிட்டுது” என்றான். அதற்கு மேல் அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளையை வேலிக்குள் புதைக்கமாட்டார்கள். அது மோட்சத்துக்கும் போகாது, நரகத்துக்கும் போகாது. லிம்பு என்று ஓர் இடம் உண்டு, அங்கே ஆண்டவருடைய முகத்தைப் பார்க்காமலே கிடக்கும் என்று சின்ன வயதில் ஞானோபதேசத்தில் கேட்டவர்கள்தாம் எல்லோரும். உயிர் போகிற வேளையில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் அதற்கு ஊற்றுத் தண்ணீர் வேண்டும். கடல் தண்ணீரில் மீன் கழுவலாம், வலை அலசலாம். அதில் ஞானஸ்நானம் கொடுப்பது சாவான பாவம், ஆத்துமாவையே கொல்லுகிற பாவம். இதில் அந்தக் கடற்கரையில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. பிள்ளை பிறந்தால் குன்றின் மேல் இருக்கும் ஊற்றுக்குப் போய், புதுப் பானையில் தண்ணீர் சுமந்து வருவார்கள்.

ஒரு வாய் தண்ணீர் மிச்சம் வைத்திருக்கக் கூடாதா? செல்வம்மாளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது இதுதான். தன் தாகத்துக்குப் பெற்ற பிள்ளையின் மோட்சத்தைக் குடித்துவிட்டோம் என்றே அவள் நம்பினாள். புருஷனிடம்கூட இதைச் சொன்னதில்லை. பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள். அந்த அரிப்பு நிற்கவில்லை.

அருள்நாதனும் அன்றோடு ஒரு மாதிரி ஆகிவிட்டான். பூசைக்கு வருவான், ஆனால் வாசல் கம்பத்தைத் தாண்டி உள்ளே வரமாட்டான். நன்மை என்கிற நற்கருணை அப்பத்தை வாங்குவதை அடியோடு விட்டுவிட்டான். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் என்றால் படகை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அவனுடைய அக்காள் ரோசலின் திட்டித் திட்டி ஓய்ந்துபோனாள். அவனுக்கு ஆண்டவர் மேல் கோபம் என்று செல்வம்மாள் நினைத்துக்கொண்டாள்.

இப்படியே பன்னிரண்டு பதிமூன்று வருஷம் போயிற்று. அறுபத்தொன்பதில் மனிதன் நிலாவில் கால் வைத்தான்.

அந்தக் கரையில் ரேடியோ இருந்தது திருநாவுக்கரசு அண்ணாச்சியின் மளிகைக் கடையில் மட்டும்தான். நிலாவில் இறங்கிய சேதியைக் கேட்டு எல்லோரும் வாயைப் பிளந்தார்கள் என்றால், சில நாள் கழித்து வந்த சேதி அதையும் தூக்கிச் சாப்பிட்டது.

“மூணு பேரும் பத்திரமாத் திரும்பிட்டாங்க. ஆனா வீட்டுக்கு விடலையாம். தனியாப் பூட்டி வச்சிருக்காங்களாம்” என்றார் அண்ணாச்சி.

“பூட்டியா? அப்படி என்ன தப்பு செஞ்சாக?” என்றாள் ரோசலின்.

“தப்பெல்லாம் இல்லம்மா. அங்க ஏதாவது உசுரு இருந்து, இவங்க மேல ஒட்டிக்கிட்டு வந்திருந்தா? கண்ணுக்கே தெரியாத பூச்சியா இருக்கலாமே. படிச்சவங்களே பயப்படுறாங்கன்னா பாத்துக்குங்க.”

கடைக்கு முன்னால் நின்றவர்கள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள். நேற்றுவரை பிள்ளைக்குச் சோறூட்டக் காட்டிய நிலா, அதில் உயிர் இருக்கலாம் என்று பெரிய மனிதர்களே கதவைப் பூட்டுகிறார்களே. அண்ணாச்சி அதோடு விடவில்லை.

“நிலாவுல இல்லாட்டி வேற எங்கயாவது இருக்கும். இந்தக் கடல்ல எத்தன தீவு. ஒவ்வொண்ணுலயும் ஆளு இல்லையா? அம்புட்டு நட்சத்திரத்துல ஒண்ணுலகூடவா இருக்கமாட்டான்?”

“ஆளு இருந்தா, அவுகளுக்கு யாரு அண்ணாச்சி ஞானஸ்நானம் கொடுப்பா?” என்று கேட்டாள் செல்வம்மாள்.

கடையே சிரித்தது. “நீதான் போயேன், மீன் கூடையத் தூக்கிட்டு” என்றாள் ரோசலின். செல்வம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண்ணுக்கு முன்னால் ஓர் உலகமே தெரிந்தது. அங்கேயும் தாய்மார்கள், அங்கேயும் பிள்ளைகள். அவர்களுக்குச் சாமியாரைத் தெரியாது, ஊற்றுத் தண்ணீரும் தெரியாது. அத்தனை பிள்ளைகளையும் ஆண்டவர் வேலிக்கு வெளியேவா போட்டு வைத்திருப்பார்? சாமியாரிடம் கேட்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள்.

மாதத்துக்கு ஒரு முறை பூசை வைக்க ஒரு சாமியார் வருவார். மங்களூர்ப் பக்கத்துக்காரர், இளம் வயது, தமிழும் இந்தியும் கலந்து பேசுவார். பூசை முடிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் உட்காருவதற்குள் செல்வம்மாள் போய் எதிரில் நின்றாள்.

“சாமி, வேற உலகத்துல மனுசரு இருந்தா, அவுகளும் ஆண்டவர் பிள்ளைகதானா?”

சாமியார் முகம் மலர்ந்தது. “இருந்தா அவங்களும் அவர் பிள்ளைங்கதான். இருக்காங்களான்னு மட்டும் மாலும் நஹி. அது யாருக்குமே தெரியாது.”

“ஞானஸ்நானம் இல்லாம செத்தா, அவுக எல்லாரும் லிம்புலயா கெடப்பாக?”

“அதெப்படி? அந்தச் சட்டம் ஆதாமோட பிள்ளைங்க நமக்குத்தானே. அவங்களுக்கு ஆண்டவர் வேற வழி வச்சிருப்பார்.”

வேறு வழி. செல்வம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாதவர்களுக்கு வழி இருக்கிறதாம். கூப்பிடு தூரத்தில் கிடக்கிற பிள்ளைக்கு இல்லையாம்.

“அவுகளுக்கு வேற வழி உண்டு. எங்களுக்கு மட்டும் கெடையாதா சாமி? ஆதாம் செஞ்ச தப்புக்கு நான் பெத்தது வேலிக்கு வெளிய கெடக்கணுமா?”

சாமியாரிடம் அந்த ஊரில் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. சாமியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. பாவம், புதிதாக வந்தவர், அந்த மண்மேட்டின் கதை அவருக்குத் தெரியாது. ரோசலின் பதறிப்போய்த் தம்பி பெண்டாட்டியின் சேலையைப் பிடித்து இழுத்தாள். பேச்சை மாற்றினால் போதும் என்று வாயில் வந்ததைக் கேட்டுவைத்தாள்.

“அது கெடக்கட்டும் சாமி. நம்ம ஆளுகளே அங்க போயிக் குடியேறிட்டா? நிலாவுல கெணறு உண்டா? ஊத்துத் தண்ணி இல்லாம ஞானஸ்நானம் எப்படிக் கொடுப்பாக?”

சாமியாருக்கும் தப்பித்தோம் என்றிருந்தது. “கெணறு எதுக்கும்மா? தண்ணியா இருந்தா போதும். மழைத் தண்ணி, ஆத்துத் தண்ணி, பனிக்கட்டிய உருக்கின தண்ணி. கடல் தண்ணிகூட ஆகும்.”

வெளியே அலை அடிப்பது மட்டும் கேட்டது.

“கடல் தண்ணியா?” என்றாள் ரோசலின். அவள் குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

“ஹாங், கடல் தண்ணிதான். ஏன்?”

“அது சாவான பாவமில்லையா சாமி?”

“யாரு சொன்னது?”

யார் சொன்னது? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

செல்வம்மாள் நின்ற இடத்திலேயே மணலில் சரிந்து உட்கார்ந்தாள். படகைச் சுற்றிக் கடல். விளிம்புக்கு மேல் கையை நீட்டினால் கடல். ஒரு பிள்ளைக்கு எவ்வளவு வேண்டும், ஒரு கை தண்ணீர். உலகத்துத் தண்ணீரெல்லாம் அங்கே கிடக்க, தான் குடித்த ஒரு பானைக்காக இத்தனை காலம் வெந்திருக்கிறாள். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“நான் குடிச்சிட்டேன் சாமி. படகுல இருந்த தண்ணி பூரா நான் குடிச்சிட்டேன். அதனாலதான் பிள்ளைக்குக் கொடுக்க முடியலன்னு... கடலே கெடந்திச்சே. சுத்தியும் கடலே கெடந்திச்சே சாமி.”

அப்போது வாசல் கம்பத்தடியில் நின்ற அருள்நாதன் உள்ளே வந்தான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கோவிலுக்குள் அவன் கால் பட்டது.

“சாமி, நான் குடுத்தேன்.”

“என்ன குடுத்தீங்க?”

“ஞானஸ்நானம். உப்புத் தண்ணியில குடுத்தேன். பிள்ள மூச்சு விட்டுக்கிட்டுதான் இருந்திச்சு. இவ கண்ண மூடிக் கெடந்தா. பானையில ஒண்ணுமில்ல. அள்ளி ஊத்திட்டேன்.”

ரோசலின் வாயைப் பொத்திக்கொண்டாள். செல்வம்மாளுக்கு அழுகை பாதியில் நின்றுவிட்டது. தான் இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்து எழுந்த மனிதனை அவள் யாரோ அந்நியனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அருள்நாதன் சாமியாரைப் பார்த்தே சொன்னான். “ஊர்ல பயலுவளா இருக்கையில கடல்ல நின்னு வெளையாட்டுக்கு ஒருத்தன் தலையில தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்தோம். ஞானோபதேசம் சொல்லித்தர்ற உபதேசியாரு எங்களப் பிடிச்சு, ஊரே பாக்க கோவில் வாசல்ல முழங்கால்ல நிறுத்திட்டாரு. சாவான பாவம்னாரு. அன்னையிலருந்து ஊருக்கே உப்புத் தண்ணின்னா பயம். தெரிஞ்சே நான் பிள்ளைக்கு அதைச் செஞ்சிட்டேன். லிம்புலகூட அதுக்கு எடம் இல்லாமப் பண்ணிட்டேன்னு நெனச்சேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நன்மை வாங்க?”

“வெளையாட்டுக்குச் செஞ்சீங்களே, அதுக்குத்தான் தண்டனை” என்றார் சாமியார் மெதுவாக. “தண்ணிக்கு இல்ல.”

அருள்நாதனுக்கு அது காதில் ஏறியதா என்றே தெரியவில்லை. சாமியார் எழுந்து அவன் தோளைப் பிடித்தார்.

“இப்போ நான் கேக்குறதுக்குச் சரியா பதில் சொல்லணும். தண்ணி மட்டும் போதாது, சொல்லும் சரியா இருக்கணும். அன்னைக்கு என்ன சொல்லி ஊத்தினீங்க? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க.”

கோவிலில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒரு வார்த்தை பிசகினாலும் போச்சு, பிள்ளை இருந்த இடத்திலேயே இருக்கும். அருள்நாதன் கண்ணை மூடினான். வலது கையைக் குழித்து உயர்த்தினான்.

“செல்வம்மாளே, பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவுடையவும் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்.”

சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். “சரியாத்தான் குடுத்திருக்கீங்க. உங்க மக அன்னைக்கே மோட்சத்துக்குப் போயிட்டா.”

அடுத்த நொடி செல்வம்மாள் எழுந்தாள், புருஷன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். சாமியாருக்கு முன்னால், பீடத்துக்கு முன்னால். அவன் கையைக்கூட உயர்த்தவில்லை.

“ஒரு வார்த்தை சொல்லலியே. பக்கத்துல கெடந்து அழுதேனே, ஒரு வார்த்தை சொல்லலியே.” அவள் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பிடி தளர்ந்தது. “என் பேரையா வச்சீய?”

“வேற பேரு வாயில வரல” என்றான் அவன். “உனக்கு ரத்தமா போயிட்டிருந்திச்சு. நீயும் பொழைக்கமாட்டேன்னுதான் நெனச்சேன்.”

சாமியார் வெளியே வந்து மண்மேட்டைப் பார்த்தார். குழந்தையை எடுத்து உள்ளே வைக்கலாமா என்று யோசித்தார் போலும். அதற்குள் ஆண்கள் மூங்கில் கம்புகளைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார்கள். வேலியைத் தள்ளிப் போட்டால் ஆயிற்று, பிள்ளையை எதற்கு எழுப்ப வேண்டும்? இதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அருள்நாதன் கம்பு ஒன்றைப் பிடுங்க முடியாமல் அதைக் கட்டிக்கொண்டு அழுதான்.

செல்வம்மாள் யாரையும் பார்க்கவில்லை. மண்மேட்டின் பக்கத்தில் மண்டியிட்டாள். எத்தனையோ தடவை இங்கே வந்து அவள் பிள்ளையோடு மனசுக்குள் பேசியிருக்கிறாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமலே பேசியிருக்கிறாள். இப்போது குனிந்து, மண்ணுக்கு மிக அருகில் வாயை வைத்து, “ஏளா, செல்வம்மா” என்று கூப்பிட்டாள்.