அவர் சொல்லாத பெயர்

அச்சரப்பாக்கம் பக்கத்து ஏரியொன்றை மனைகளாகப் பிரித்து விற்க ஏற்பாடு நடந்தது. அதற்கான கோப்பை எங்கள் தாலுகா அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள் நான். ஜெராக்ஸ் எடுத்து, சர்வே எண்களை ஓரத்தில் என் கையாலேயே எழுதி, செங்கல்பட்டில் வாரப் பத்திரிகை நடத்திவந்தவரிடம் கொடுத்தேன்.

செய்தி வந்தது. விற்பனை நின்றது. மனை போட்டவர் பத்திரிகை ஆசிரியர்மேல் அவதூறு வழக்குப் போட்டார்.

தாளைக் கொடுத்தது யார் என்று நீதிமன்றத்தில் கேட்டார்கள். "சொல்ல மாட்டேன்" என்றார். மூன்று வருடம் வாய்தா வாய்தாவாக அலைந்தார். விளம்பரங்கள் நின்றன. ஒருநாள் பேருந்து நிலையத்தில் எதிரே வந்தவர், என்னை முன்பின் பார்த்திராதவர்போல் கடந்து போனார். கடைசியில் வழக்குத் தள்ளுபடியானது. அதற்குப் பிறகும் நான் போய் ஒரு வார்த்தை பேசவில்லை. பயம்.

போன மாதம் அவர் இறந்துவிட்டார். அவருடைய காகிதங்களையெல்லாம் ஒரு நூலகத்துக்குக் கொடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். ஓய்வுபெற எனக்கு இன்னும் இரண்டு வருடம். என் கையெழுத்து அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்றிலிருந்து தூக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை கேளம்பாக்கத்தில் அவர் மகளின் ஃபிளாட்டுக்குப் போனேன்.

அவர் மனைவிதான் கதவைத் திறந்தார்.

"வாம்மா. உக்காரு. இன்னா விஷயம்?"

"சாரோட பழைய காகிதமெல்லாம்..." என்று இழுத்தேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே பிரிச்சு வெச்சுட்டாரும்மா. ரகசியமா வந்த தாளையெல்லாம் அவரே கிழிச்சுப் போட்டாரு. கையி நடுங்கிகினே இருந்துச்சு. நான் கிழிக்கிறேன்னேன், குடுக்கல. நூலகத்துக்குப் போறது வெறும் பழைய பேப்பருதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அம்மா, அந்த ஏரி விஷயத்துல..."

"சொல்லாத" என்றார். "எங்கிட்டகூட அவரு சொன்னதில்ல. இப்ப நீயா வந்து சொன்னா, அவரு பட்ட பாடு இன்னாத்துக்கு?"

முகம் கழுவிக்கொள்ளச் சொன்னார். மோர் கொடுத்தார். ஆசிரியருக்குக் கடைசிவரை கோபம் வந்ததெல்லாம் எழுத்துப்பிழைக்குத்தான் என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆசிரியரிடம் சொல்லாமல் விட்ட நன்றி மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திருப்போரூர் தாண்டியது நினைவில்லை. கண்டக்டர் சீட்டைத் தட்டினார்.

"எறங்குமா, செங்கல்பட்டு வந்துட்ச்சு."

அத்தனை நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கியிருந்தேன்.