ஆன்சன் என்கிற வைஃபை

இது நிஜமாக நடந்தது. இருட்டு, நாய் ஊளை எதுவும் இதில் கிடையாது. ஆரணியில், போன ஆகஸ்டில், ஒரு வெள்ளிக்கிழமை பட்டப்பகலில் நடந்தது. சகாயமேரி டீச்சரைத் தெரிந்தவர்கள் யாரும் இதைப் பொய் என்று சொல்லமாட்டார்கள்.

அவள் மகன் ஆன்சன் சந்தவாசல் ரோட்டில் பைக் விபத்தில் இறந்து அப்போது ஏழு மாதம். வீட்டில் அவள் மட்டும்தான். கேமரா வைத்தே ஆகவேண்டும் என்று பெங்களூரிலிருந்து மகள் நான்சி பிடிவாதம் பிடித்தாள். பொருத்த வந்தவன் ஜெயக்குமார். டீச்சரிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன்.

"ஒயர்லெஸ் போட்டுக்கலாம் டீச்சர். சுவத்துல ஓட்ட போட வேணாம், ஜல்தியா முடிஞ்சிரும். வைஃபை பாஸ்வேர்டு மட்டும் சொல்லுங்க."

"தெரியாதுப்பா. அவன்தான் போட்டான்."

"அப்போ மோடத்த ரீசெட் பண்ணிடலாம். புதுப் பேரு, புது பாஸ்வேர்டு."

சகாயமேரி மோடத்துக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டாள். அந்த வைஃபைக்கு ஆன்சன் தன் பெயரையே வைத்திருந்தான். சர்ச்சுக்குப் போய்த் திரும்பினாலும், கடைக்குப் போய்த் திரும்பினாலும், வாசலில் கால் வைத்ததும் அவள் போனில் 'ஆன்சன்' என்று வரும். அந்த வீட்டில் அவளை எதிர்கொள்ள அது ஒன்றுதான் மிச்சம்.

"கேபிளே போடு. எத்தினி ஓட்ட வேணும்னாலும் போட்டுக்கோ."

"ஒரு பேருக்காகவா டீச்சர் இவ்ளோ பேஜாரு?" என்று சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் டிரில்லை எடுத்தான்.

3.40-க்குக் கிளம்பினான். "போன்ல கேமரா ஆப் ஏத்திட்டேன். மிச்சத்த நாளைக்கு வந்து பாத்துக்கறேன்."

4.10.

பக்கத்துச் சந்தில் டீ நேரம். விசைத்தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. தெருவே அடங்கிப்போனது...

அடுப்படியில் போன் 'டிங்' என்றது. திரையில் 'ஹாலில் அசைவு' என்று வந்திருந்தது.

ஆப்பைத் திறந்து பார்த்தாள். கேமரா படத்தில் ஹாலில் யாரும் இல்லை. மோடத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி மட்டும்.

ஆனால்... அதன் முன்கால்கள் தரையில் இல்லை.

பின்கால் இரண்டில் மட்டும் நின்று லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஆன்சன் அப்படித்தான் உட்காருவான்.

ஹாலுக்கு ஓடினாள்.

நாற்காலி நான்கு காலில் நின்றது.

போனைப் பார்த்தாள். இப்போது படத்தில் அவளும் இருந்தாள். எதிரே நாற்காலி... சாய்ந்து... ஆடிக்கொண்டு.

4.13.

"விழுந்துடுவ. கால கீழ வைடா..."

படத்தில் நாற்காலி மெதுவாக இறங்கியது.

டக்.

சத்தம் போனில் மட்டும் கேட்டது.

படம் கறுத்தது.

மறுநாள் காலை ஜெயக்குமார் தோளில் கேபிள் சுருளோடு வந்தான்.

"நேத்து கேபிள் பத்தல டீச்சர். பாதியிலயே தொங்கிகினு இருக்குது. சொல்லாம பூட்டேன், கோச்சுக்காதீங்க."

"நேத்து கேமரா ஓடுச்சேப்பா."

"எப்பிடிங்க ஓடும்? கரண்டு மட்டும்தான குடுத்தேன்."

அவள் போனை வாங்கி எதையோ தேடினான். அவன் சிரிப்பு நின்றது.

"இந்த மாடல் ஒயர்லெஸ்லயும் ஓடும். நேத்து 4.10-க்கு உங்க வைஃபைல ஏறியிருக்கு. பாஸ்வேர்டு போட்டாதான் ஏறும்... தெரியாதுன்னீங்களே டீச்சர்? யாரு போட்டது?"

அவன் தோளிலிருந்த சுருளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கேபிள் வேணாம்பா. இப்பிடியே இருக்கட்டும்."

அதற்குப் பிறகு ஒரு நாளும் படம் வரவில்லை. கேபிளை மாட்டச் சொல்லி நான்சி போனில் அழுகிறாள். சகாயமேரி இன்னும் மாட்டவிடவில்லை.