வெள்ளிக்கிழமை படகு இல்லை

எங்கள் தீவில் தக்காளி வாங்கக் கடைக்குப் போகமாட்டார்கள், படகுத்துறைக்குப் போவார்கள். சரக்குப் படகு வரும் நாளில் கடைக்காரருக்கு முன்னால் நாலு பேர் நின்று, பெட்டி இறங்கும்போதே கையை விட்டுப் பொறுக்கிவிடுவார்கள். அரை மணி நடந்தால் முடிந்துபோகும் இந்த மாலத்தீவுத் துண்டு ஒன்றில் நான் பள்ளி ஆசிரியை. ஆறு வருடம் ஆகிறது. எங்கள் ஊர் நகரியில் கூடை கூடையாகக் குவிந்து கிடந்ததை இங்கே எண்ணி நாலு வாங்குவது பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். ஊரிலிருந்து யார் போன் செய்தாலும், "கடல் மேல ரூம்ல இருந்துக்கினு உனக்கென்ன கவலை?" என்பார்கள். தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும் அந்த விடுதி அறைகளை நானும் விளம்பரத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

போன வருடம், நகரியில் எங்கள் வீட்டிலேயே குடியிருக்கும் தங்கை லோகேஸ்வரியும் அவள் புருஷன் முனிரத்தினமும் வந்தார்கள். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அவர்கள் போகும் முதல் பயணம். முனிரத்தினம் திருப்பதியில் ஒரு லாட்ஜில் மேனேஜர். தெலுங்கு முறைப்படி என்னை வதினா என்றுதான் கூப்பிடுவார். "வந்தவங்களுக்கு எல்லாம் சாவி எடுத்துக் குடுத்தே வயசு போச்சு வதினா. எனக்கு ஒருத்தன் சாவி எடுத்துக் குடுக்கணும். ஒரே ஒரு ராத்திரி" என்றார். போனில் அந்த விடுதியின் வாடகையைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். அவருடைய ஐந்து மாதச் சம்பளம். "இது டிபன் சேத்தா, சேக்காமலா?" என்று கேட்டார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சிக்கனத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. மழைக்காலம், வாடகை பாதி. வேகப்படகு வேண்டாம், அரசு ஓட்டும் மெதுப்படகு போதும். விடுதித் தீவு வேண்டாம், உள்ளூர்க்காரர்கள் வீட்டு மாடியில் நடத்தும் தங்குமிடம் போதும். லோகா புட்டியில் கொண்டுவந்திருந்த புளிக்காய்ச்சல், என்னுடைய சின்ன ரைஸ் குக்கர். நாலு நாளில் மூன்று தீவு. வெளிநாட்டுக்காரர்கள் நூறு நூறு டாலராகக் கொடுத்துப் பார்க்கும் அதே கடலை நாங்கள் புளிசாதம் தின்றுகொண்டு பார்த்தோம்.

மூன்றாவது தீவில் வெள்ளிக்கிழமை காலை பெட்டியோடு துறைக்கு வந்தோம். ஒரு ஈ காக்கை இல்லை. வலை பிரித்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் எங்களைப் பார்த்து, "ஹுகுரு, ஹுகுரு" என்றார். வெள்ளிக்கிழமை என்று அர்த்தம். ஆமாம், வெள்ளிக்கிழமைதான் என்று நானும் தலையாட்டினேன். அவர் மறுபடி அதையே சொல்லி, காலியான கடலைக் கையால் காட்டினார். அப்போதுதான் புரிந்தது. வெள்ளிக்கிழமை அரசுப் படகு கிடையாது. ஆறு வருடமாக இந்த நாட்டில் சம்பளம் வாங்குகிறவளுக்கு இது தெரியவில்லை. லீவுக்கு விமானநிலையம் போவதைத் தவிர நான் எங்கும் போனதில்லையே, எப்படித் தெரியும்? மறுநாள் காலை அவர்களுக்குச் சென்னை விமானம். வேகப்படகுக்காரன் சொன்ன தொகைக்கு மூவருக்கும் விமான டிக்கெட்டே எடுக்கலாம் போலிருந்தது. லோகா பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கிழவர் பெயர் அலி. மதியத் தொழுகைக்குப் பிறகு மீன் விற்க, விமானநிலையத்தை ஒட்டிய தலைநகர் மாலேவுக்குத் தோணி எடுக்கிறாராம், டீசலுக்குப் பங்கு கொடுத்தால் போதுமாம். ஏறும்போது முனிரத்தினத்தைப் பார்த்து, "ஃபதன் எங்கேத்தா?" என்றார். "ஆந்திரா, சித்தூர் ஜில்லா, நகரி" என்று இவர் பெருமையாகச் சொன்னார். அலி தலையில் அடித்துக்கொண்டு அவர்மேல் மிதவைச் சட்டையைத் தூக்கிப் போட்டார். அவர் கேட்டது நீந்தத் தெரியுமா என்று.

வழியில் பவளப்பாறை ஓரமாகத் தோணியை நிறுத்தி, தூண்டிலுக்குப் பொடிமீன் பிடித்தார். எங்களிடம் இரண்டு கண்ணாடி முகமூடிகளை நீட்டினார். நகரியில் எங்கள் நைனா இடுப்பில் பிளாஸ்டிக் கேனைக் கட்டிக் கிணற்றில் தள்ளித்தான் எங்களுக்கு நீச்சல் பழக்கினார். லோகா சுடிதாரோடு குதித்தாள். பின்னாலேயே நானும்.

ஒரு ஆள் ஆழத்தில் மஞ்சளும் நீலமுமாக மீன்கள். நாலு கை போட்டிருப்பேன், தரை அப்படியே வெட்டிவிட்டாற்போல் முடிந்தது. அதற்கப்புறம் அடியே இல்லாத கருநீலம். மலை உச்சியிலிருந்து கால் தவறியதுபோல் கத்திவிட்டேன், வாயெல்லாம் உப்புத் தண்ணீர். லோகா என் கையைப் பிடித்து மேலே இழுத்தாள். "ஆறு வருஷமா இத வுட்டுட்டு ரூம்ல என்னக்கா பண்ணிக்கினு இருந்த?" என்றாள். பாடத்திட்டம் எழுதினேன். பணம் அனுப்பினேன். நகரி வீட்டில் மாடி எழுப்பினேன். மாடியில் எனக்கென்று ஒரு அறை, மலையைப் பார்த்துச் சன்னல். அளவு, கதவு, ஓடு எல்லாம் போனிலேயே சொன்னது. திரும்பிப் போனதும் அங்கேதான் இருக்கப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

அவள் தோணியை நோக்கி நீந்தினாள். தோணிக்குள் ஏறித் தலையைத் துவட்டும்போது, "அக்கா, திட்டாத. உன் ரூம வாடகைக்கு வுட்டுட்டோம். தறி ஓட்டற குடும்பம். நாலு வருஷம் ஆச்சு. நாங்க வந்த டிக்கெட்டு அந்தக் காசுதான்" என்றாள்.

கடலுக்குள் முடிந்த தரை இங்கேயும் முடிந்தது. "என்னைக் கேட்டிருக்கலாமே" என்றேன். அதுதான் வந்தது. முனிரத்தினம், "கேட்டா வேணாம்பீங்க வதினா. நீங்க வருஷத்துக்கு இருபது நாள் வரீங்க, அதுவும் கீழ லோகாகூடவே படுத்துக்கினு பேசறீங்க. மேல ஏறிப் பாத்தீங்களா?" என்றார். ஏறவில்லை. பூட்டியிருக்கிறது, சாமான் போட்டிருக்கிறோம் என்று சொன்னார்கள், நானும் சாவி கேட்கவில்லை. கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்கு அழுகைதான் வந்தது. லோகாவும் அழுதாள். அலி எங்கள் இருவரையும் பார்த்து, கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டினார்.

விமானத்தைப் பிடித்துவிட்டார்கள். வாடகைக்காரர்களைக் காலி செய்யச் சொல்லட்டுமா என்று ஊர் போனதும் லோகா கேட்டாள். வேண்டாம் என்றேன். ஒரே ஒரு முறை அந்த அறையைக் காட்டச் சொன்னேன். வீடியோ காலில் அவள் மாடியேறினாள். அந்த வீட்டுச் சின்னப் பெண் போனைப் பிடுங்கிச் சன்னலருகே ஓடி, "ஆன்ட்டி, சூடண்டி, மா கொண்ட!" என்றாள். பாருங்கள், எங்கள் மலை. பதிலுக்கு என்னிடம் காட்ட இருந்தது ஒன்றுதான். கேமராவைத் திருப்பி என் சன்னலுக்கு நேரே பிடித்தேன். திரை முழுக்க நகரி மலை, மூலையில் சின்னக் கட்டத்தில் கடல். என் முகம் இரண்டிலும் இல்லை. அந்தப் பெண் போதும் என்று சொல்லும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.